மடற்குழுக்களைப் புதிய சேர்வருக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்பிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள், தொழில்சார் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் மின்னஞ்சல் மடற்குழுக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. வட்ஸ்அப் வந்த பிறகும் கூட்டக் குறிப்பு, புலமைப்பரிசில் விண்ணப்பம், கணக்கறிக்கை பற்றிய வாதப் பிரதிவாதம் என்று நின்று நிதானமாகப் பேச வேண்டியவை மடற்குழுவுக்கே வருகின்றன. வெள்ளவத்தையில் இருப்பவரும் ஸ்காபரோவில் இருப்பவரும் ஒரே மடலைப் படித்துப் பதில் எழுதுகிறார்கள்.

இந்தக் குழுக்களில் பல மெயில்மேன் 2.1 என்ற மென்பொருளில் ஓடுகின்றன. 2002ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் வெளிவந்த 2.1 வரிசை பைத்தான் 2 என்ற நிரல்மொழியை நம்பி நிற்கிறது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. புதிய லினக்ஸ் பதிப்புகள் இந்த மெயில்மேனைக் கைவிட்டுவிட்டன. ஹோஸ்டிங் நிறுவனம் பழைய சேர்வரை மூடப் போகிறோம் என்று அறிவித்த பிறகு அவசரத்தில் மாற்றுவதைவிட, இப்போதே நாள் குறித்துக்கொண்டு மாற்றுவது எவ்வளவோ நல்லது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் இத்தனை வருடமாகச் சொல்லி வைத்த விருப்பங்கள்தான் ஒரு மடற்குழுவின் உண்மையான சொத்து. ஒருவர் தனி மடல்கள் வேண்டாம், நாளுக்கு ஒரு திரட்டு (எல்லா மடலும் சேர்ந்த ஒரே மடல்) போதும் என்றிருப்பார். இன்னொருவர் உறுப்பினராக இருக்கிறேன், ஆனால் மடல் அனுப்பாதீர்கள் என்றிருப்பார். விலகிப் போனவரும் இருப்பார். மென்பொருளை யாரும் ஒரு நாளில் நிறுவிவிடலாம். இந்த விருப்பங்களைக் குலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் கீழே சொல்லும் அவ்வளவு கவனமும்.

முதலில் கணக்கெடுங்கள்

எத்தனை குழுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், கடைசி மடல் எப்போது வந்தது, பொறுப்பாளர் யார், காப்பகம் எவ்வளவு பெரிது. இவ்வளவையும் ஒரு விரிதாளில் எழுதுங்கள். மெயில்மேனில் குழுக்களையும் உறுப்பினர்களையும் பட்டியலிடத் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. சேர்வருக்குள் நுழைய வழி இல்லாதவர்கள் நிர்வாகப் பக்கத்திலிருந்து எடுக்கலாம். நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

எண்ணிப் பார்த்தால் பாதிக் குழுக்கள் தூங்கிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு ஆண்டு விழாவுக்காகத் தொடங்கிய குழு, கலைந்து போன உபகுழு, யாரோ பரிசோதனைக்குத் திறந்தது. இவற்றைப் புதிய சேர்வருக்குக் கொண்டுபோக வேண்டாம். காப்பகத்தை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுக் குழுவை மூடிவிடலாம். ஆனால் அந்த முடிவை நிர்வாகக் குழு எடுக்க வேண்டும், கணினி பார்ப்பவர் தனியாக எடுக்கக் கூடாது.

பொறுப்பாளர் முகவரிகளையும் இப்போதே சரிபாருங்கள். முன்னாள் செயலாளர்களின் முகவரிகள் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். அதில் ஒன்று செத்த முகவரியாக இருந்தால், அனுமதிக்காகக் காத்திருக்கும் மடல்களை யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

டொமைனின் சாவி யாரிடம்?

இடமாற்றத்தை வாரக்கணக்கில் தள்ளிப்போடும் தடை பெரும்பாலும் இதுதான். டொமைன் பெயர் எந்தச் சேர்வரைக் குறிக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளை மாற்றும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? எல்கே டொமைன் என்றால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் பதிந்த தொடர்பாளர் யார்? சங்கங்களில் அது பெரும்பாலும் எப்போதோ இருந்த ஒரு செயற்குழு உறுப்பினரின் சொந்த மின்னஞ்சலாக இருக்கும். அவர் இப்போது மெல்பேர்னில் இருப்பார். அவரைத் தேடிப்பிடித்து, தொடர்பு விபரத்தைச் சங்கத்தின் பொதுவான முகவரிக்கு மாற்றி, புதிய கடவுச்சொல்லோடு உள்ளே போய் ஒரு சிறு பதிவைச் சேர்த்து அழித்துப் பாருங்கள். அது வேலை செய்யும் வரைக்கும் மாற்றும் திகதியை யாருக்கும் அறிவிக்காதீர்கள்.

அலுவலக மின்னஞ்சல் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஊழியர்களின் மின்னஞ்சலைக் கூகுளுக்கோ மைக்ரோசொஃப்டுக்கோ கொண்டுபோய்விட்டு, மடற்குழுவை மட்டும் பழைய ஹோஸ்டிங்கில் விட்டு வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. ஒரே டொமைனில் இரண்டும் இருந்தால், வரும் மடல்கள் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மடற்குழுவுக்காக மட்டும் திருப்ப முடியாது. அப்படியானால் மடற்குழுக்களுக்கென்று ஒரு துணை டொமைன் வைத்துக்கொள்வதே நல்லது. முகவரி மாறும் என்பது உண்மைதான். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள். புதிய குழுவின் அமைப்பில் பழைய முகவரியை ஏற்கத்தக்க மாற்றுப் பெயராகவும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், ‘என் முகவரி பெறுநர் இடத்தில் இல்லையே’ என்று மெயில்மேன் அந்த மடல்களை நிறுத்தி வைத்துவிடும்.

துணை டொமைன் தேவையில்லை என்றால் முகவரியை மாற்றவே மாற்றாதீர்கள். அழகான புதுப் பெயர் வைக்க வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். உறுப்பினர்களின் முகவரிப் புத்தகமும், அவர்கள் மடல்களைப் பிரித்து வைக்க அமைத்த வடிகட்டிகளும் பழைய பெயரைத்தான் நம்பியிருக்கின்றன.

எங்கே போவது

மூன்று வழிகள் இருக்கின்றன. மெயில்மேன் 2.1ஐ அப்படியே இன்னொரு சேர்வருக்குத் தூக்கிப் போவது முதலாவது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் சில வருடத்தில் இதே வேலையை மறுபடி செய்ய நேரும். இரண்டாவது, கூகுள் குரூப்ஸ், குரூப்ஸ் ஐஓ போன்ற சேவைகள். கணினி பார்க்க ஆளே இல்லாத சங்கத்துக்கு இது நியாயமான தெரிவு. ஆனால் ஒரு நிறுவனத்தின் கையில் எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன நடக்கலாம் என்பதை யாஹூ குரூப்ஸ் காட்டிவிட்டது. 2019 ஒக்டோபரில் காப்பகங்களை நீக்கப் போவதாக அறிவித்தார்கள், 2020 டிசெம்பர் 15இல் சேவையையே மூடினார்கள். காப்பகத்தை நேரத்துக்கு இறக்கி வைக்காதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எந்தச் சேவைக்குப் போனாலும் உறுப்பினர் பட்டியலையும் காப்பகத்தையும் முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது மெயில்மேன் 3. பொறுப்பாகப் பார்க்க ஒருவர் இருந்தால் இதுவே நல்ல வழி, கீழே சொல்வதும் இதை வைத்துத்தான். 2015இல் வந்த இந்தத் தலைமுறை பல துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. மடல்களைக் கையாளும் உட்கரு ஒன்று, நிர்வாகப் பக்கத்துக்குப் போஸ்டோரியஸ், காப்பகத்துக்கு ஹைப்பர்கிட்டி. தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரெஸ் எடுங்கள். நினைவகம் 2 ஜிபிக்குக் குறையாத ஒரு சேர்வர் வாடகைக்கு எடுத்தால் நடுத்தரச் சங்கத்துக்குப் போதும்.

புதிய சேர்வரை உலகம் நம்ப வேண்டும்

சேர்வரை வாடகைக்கு எடுக்கும் முன்பே, சேர்வர்கள் ஒன்றுக்கொன்று மடல் அனுப்பும் வாசலான 25ஆம் இலக்கப் போர்ட் திறந்திருக்குமா என்று கேளுங்கள். ஸ்பாம் அனுப்புவதைத் தடுக்கப் பெரிய கிளவுட் நிறுவனங்கள் பல வெளியே போகும் 25ஐ அடைத்தே வைத்திருக்கின்றன. சில கேட்டால் திறக்கும், சில திறக்கவே மாட்டா. கிடைக்கும் ஐபி முகவரி ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். இருந்தால் வேறு முகவரி கேளுங்கள். முன்பு அதை வைத்திருந்தவரின் கெட்ட பெயரைச் சுமந்துகொண்டு தொடங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

அடுத்தது பின்னோக்கிய டிஎன்எஸ் பதிவு. ஐபி முகவரியைக் கேட்டால் சேர்வரின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். இதை உங்கள் டொமைன் பக்கத்தில் செய்ய முடியாது, சேர்வர் வாடகைக்குத் தருபவரின் பக்கத்தில்தான் அமைக்க வேண்டும். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அதற்கும் தனியாக அமைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், ஐபிவி4 வழியாகப் போகும் மடல்கள் சேர, ஐபிவி6 வழியாகப் போகிறவற்றை ஜீமெயில் திருப்பி அனுப்பும். ‘சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை’ என்ற முறைப்பாட்டுக்கு அடிக்கடி இதுவே காரணம். ஐபிவி6 அமைக்கத் தெரியவில்லை என்றால், மடல்களை அனுப்பிப் பெறும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4 மட்டும் பாவிக்கச் சொல்லிவிடுங்கள்.

எந்த ஐபிகள் உங்கள் டொமைன் பெயரில் மடல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய ஐபியைச் சேருங்கள், பழையதை இன்னும் எடுக்காதீர்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. அந்தப் பதிவைச் சரிபார்க்க நடக்கும் டிஎன்எஸ் தேடல்களும் 10ஐத் தாண்டக் கூடாது. மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பத்துக்குப் புதிய சேர்வரில் புதிய சாவியை, பழையதோடு மோதாத வேறு பெயரில் உருவாக்குங்கள். இந்தச் சோதனைகளில் தோற்கும் மடலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிமார்க் பதிவை முதலில் அறிக்கை மட்டும் கேட்கும் நிலையில் வையுங்கள்.

இவையெல்லாம் விருப்பப்பட்டால் செய்கிற வேலைகள் என்று இருந்த காலம் போய்விட்டது. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜீமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும். நாங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை என்று நினைக்க வேண்டாம். ஜீமெயிலில் 600 பேர் இருக்கும் குழுவில் ஒரு சூடான விவாதம் பத்து மடலைத் தொட்டால் 6,000 ஆகிவிடும்.

யாஹூ முகவரிக்காரர் எழுதினால் ஜீமெயில்காரர் ஏன் காணாமல் போகிறார்

இதைப் பொறுப்பாளர்கள் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். கணினி பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

மடற்குழு ஒரு மடலைப் பெற்று, தலைப்பில் குழுவின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்து, அடியில் இரண்டு வரி ஒட்டி, எல்லாருக்கும் அனுப்புகிறது. மடல் மாறிய அந்தக் கணமே எழுதியவருடைய சேவை போட்ட டிகேஐஎம் கையொப்பம் உடைந்துவிடுகிறது. எஸ்பிஎஃப் சோதனையும் இப்போது உங்கள் சேர்வரின் டொமைனுக்குத்தான் பொருந்தும், எழுதியவருடைய டொமைனுக்குப் பொருந்தாது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வந்து இந்தச் சோதனையில் தோற்கும் மடல்களை நிராகரிக்கும்படி டிமார்க் மூலம் உலகத்துக்கு அறிவித்தது. ஏஓஎல் மின்னஞ்சல் சேவையும் அதே மாதம் பின்தொடர்ந்தது. உலகமெங்கும் மடற்குழுக்கள் ஆட்டம் கண்டன.

நடப்பது இதுதான். யாஹூ முகவரியிலிருந்து ஒருவர் குழுவுக்கு எழுதுகிறார். குழு அதை ஜீமெயில் உறுப்பினர்களுக்கு அனுப்புகிறது. ஜீமெயில் நிராகரித்துத் திருப்பி அனுப்புகிறது. மெயில்மேன் அந்த நிராகரிப்பை ஜீமெயில் உறுப்பினரின் கணக்கில் எழுதிக்கொள்கிறது, அவருடைய முகவரிதான் செத்துவிட்டதென்று நினைத்து. இப்படிச் சில நாள் நடந்தால் எந்தத் தவறும் செய்யாத ஜீமெயில் உறுப்பினர்கள் கொத்தாக நிறுத்தப்படுகிறார்கள். அவர்களுக்கோ குழு அமைதியாகிவிட்டதாகத்தான் தோன்றும், அதனால் முறைப்பாடும் வராது.

மெயில்மேன் 3இல் இதற்கென்றே அமைப்பு இருக்கிறது. எழுதியவரின் டொமைன் நிராகரிக்கவோ தனியே ஒதுக்கவோ சொல்லியிருந்தால், அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போட்டு, எழுதியவரின் பெயரை அதோடு சேர்த்துக் காட்டும்படி வையுங்கள். எல்லா மடலுக்கும் இதைச் செய்யாமல் தேவைப்படும் டொமைன்களுக்கு மட்டும் செய்வதே என் தெரிவு. யார் எழுதினார் என்பது முடிந்தவரை இயல்பாகத் தெரிய வேண்டும். எழுதியவருக்கு மட்டும் தனியாகப் பதில் போட நினைப்பவர், பதில் எங்கே போகிறது என்று பார்த்து அனுப்ப வேண்டும் என்பதையும் உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். சங்க விவாதங்களில் இது சின்ன விஷயம் இல்லை.

உறுப்பினர் பட்டியல்: ஒட்டி முடிக்கும் வேலை இல்லை

முகவரிகளை மட்டும் ஒரு கோப்பில் எடுத்து, புதிய குழுவின் மொத்தமாகச் சேர்க்கும் பெட்டிக்குள் ஒட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது போலிருக்கும். அடுத்த நாள்தான் விளைவு தெரியும். மடல் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தவருக்கு மடல் போகும். திரட்டு மட்டும் கேட்டவருக்குத் தனித்தனியாக இருபது போகும். முன்பு சண்டை மூட்டியதால் மட்டுறுத்தலில் (மடல் அனுமதி பெற்றே போகும் நிலையில்) வைக்கப்பட்டவர் கட்டில்லாமல் எழுதுவார். தடை செய்யப்பட்டவர் மறுபடி சேர்ந்துகொள்வார். போதாததற்கு எல்லாருக்கும் ஒரு வரவேற்பு மடலும் போய்ச் சேரும், இருபது வருடமாக இருப்பவருக்கும்.

மெயில்மேன் 2.1 ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் உறுப்பினர் விபரங்களையும் ‘கான்ஃபிக்’ என்ற பெயரில் பிக்கிள் என்ற பைத்தான் வடிவக் கோப்பாகக் குழுவின் கோப்புறைக்குள் வைத்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்தக் கோப்பு. மெயில்மேன் 3இல் அதே முகவரியில் வெறும் குழுவை முதலில் உருவாக்கி, பிறகு ‘இம்போர்ட்21’ கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுங்கள். உறுப்பினர்கள், பொறுப்பாளர்கள், மட்டுறுத்துநர்கள், திரட்டு விருப்பம், மடல் நிறுத்தம், தடைப் பட்டியல் எல்லாம் அதனோடு வரும்.

சீபனல் (ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல தரும் நிர்வாக மென்பொருள்) ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரே மெயில்மேனைப் பல வாடிக்கையாளர் பகிர்வதால், குழுவின் உள்பெயர் குழுப்பெயர், அடிக்கோடு, டொமைன் என்று சேர்ந்து நீளமாக இருக்கும். புதிய இடத்தில் குழுவை உருவாக்கும்போது அந்த நீளப் பெயரைக் கொடுக்காதீர்கள், உறுப்பினர்கள் மடல் அனுப்பும் உண்மையான முகவரியைக் கொடுங்கள். அந்தக் கோப்பைத் தொட உங்களுக்கு அனுமதி இருக்காது. எழுத்தில் கேட்டு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாங்க வேண்டும், அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

வராதவையும் உண்டு. கடவுச்சொற்கள் வராது. உறுப்பினர் தன் விருப்பங்களை மாற்ற வேண்டுமானால், குழுவில் இருக்கும் அதே முகவரியைக் கொடுத்துப் புதிய கணக்குத் திறக்க வேண்டும். அனுமதிக்காகக் காத்திருக்கும் மடல்களும் சேர்க்கை விண்ணப்பங்களும் வராது, அவற்றை மாற்றும் முன்பே தீர்த்துவிடுங்கள். பாதி சேர்ந்த திரட்டு மடலும் வராது, அதைப் பழைய சேர்வரிலிருந்தே அனுப்பிவிட வேண்டும்.

தமிழில் எழுதிய குழு விளக்கத்தையும் அடிக்குறிப்பையும் கண்ணால் பாருங்கள். பழைய மெயில்மேனில் குழுவின் மொழி ஆங்கிலமாக இருந்தால், நிர்வாகப் பக்கத்தில் தட்டிய தமிழ் எழுத்துகளை உலாவி எண்களாக மாற்றியே அனுப்பியிருக்கும். ‘த’ என்ற எழுத்து 2980 என்ற எண்ணாகக் கோப்பில் கிடக்கும். இறக்கிய பிறகு அடிக்குறிப்பு முழுக்க எண்களாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினால் சரி.

இந்தப் பட்டியல் முழுக்க மற்றவர்களுடைய தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பட்டியலை எக்செல் கோப்பாக்கி வட்ஸ்அப்பில் சுற்ற விடுவது சரியில்லை. இரண்டு பேர் கைக்கு மேல் போகக் கூடாது, வேலை முடிந்ததும் மடிக்கணினியிலிருந்து அழிக்க வேண்டும்.

காப்பகம்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எம்பொக்ஸ் கோப்பு இருக்கும். முதல் மடலிலிருந்து கடைசி மடல் வரை ஒன்றன்பின் ஒன்றாக, வந்தபடியே அதில் கிடக்கும். உங்கள் சங்கத்தின் வரலாறு அதுதான். முதலில் அதைப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் பூட்டி வையுங்கள். அந்த மூலத்தில் ஒருபோதும் கை வைக்காதீர்கள், திருத்தமெல்லாம் பிரதியில்தான்.

வரியின் தொடக்கத்தில் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் பின் ஓர் இடைவெளியும் வந்தால் புதிய மடல் தொடங்குகிறது என்பது இந்தக் கோப்பு வடிவத்தின் விதி. யாராவது மடலுக்குள்ளேயே ஒரு வரியை அப்படித் தொடங்கியிருந்தால் அந்த மடல் இரண்டாக உடையும். மெயில்மேன் 2.1உடன் வரும் ‘கிளீன்ஆர்ச்’ என்ற கருவி இதைச் சரிசெய்யும். பிரதியில் அதை ஓட்டிவிட்டு ஹைப்பர்கிட்டியின் இறக்குமதிக் கட்டளையைக் கொடுங்கள். பெரிய காப்பகம் மணிக்கணக்கில் எடுக்கும். நடுவில் வீட்டில் மின்சாரமோ இணைப்போ போனால் வேலை அறுந்துவிடாமலிருக்க, சேர்வரில் டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டுங்கள். முடிந்ததும் தேடல் அட்டவணையைக் கட்டும் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதை விட்டால் மடல்கள் இருக்கும், தேடினால் கிடைக்காது.

தமிழ்க் குழுக்களுக்கு இன்னொரு பிரச்சினை காத்திருக்கிறது. யுனிகோட் பரவும் முன்பு இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பியவர்கள் ஏராளம். பாமினியில் தட்டிய மடல் உண்மையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான், எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும். புதிய காப்பகத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த உறுப்பினர்கள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதியிருப்பார்கள், அது வேறு விதமாகக் குழம்பும். இவற்றை எம்பொக்ஸுக்குள்ளேயே யுனிகோடாக மாற்ற முயலாதீர்கள். ஒரே மடலில் உண்மையான ஆங்கிலமும் பாமினியும் கலந்திருக்கும்போது, மாற்றும் கருவி ஆங்கிலத்தையும் தமிழ் எழுத்துகளாக்கிக் கெடுத்துவிடும். மூலத்தை அப்படியே இறக்குங்கள். முக்கியமான மடல்களை மட்டும் யாராவது உட்கார்ந்து மாற்றி, தனித் தொகுப்பாக வைக்கலாம். ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் விரும்பிச் செய்யக்கூடிய அருமையான வேலை அது.

பழைய காப்பகப் பக்கங்களின் இணைப்புகள் கூட்டக் குறிப்புகளிலும் மலர்களிலும் அச்சாகியிருக்கும். அந்த எச்டிஎம்எல் கோப்புகளை மறுபடி உருவாக்காமல் அப்படியே நகலெடுத்து, அதே முகவரியில் அசையாப் பக்கங்களாக வையுங்கள். மறுபடி உருவாக்கினால் மடல் எண்கள் நகர்ந்து, ஒரு இணைப்பு வேறொரு மடலுக்குப் போகலாம். உறுப்பினர்களுக்கு மட்டுமான காப்பகம் என்றால் அதன் முன்னால் பூட்டுப் போட மறக்காதீர்கள்.

ஒத்திகை

உண்மையான தரவோடு ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் புதிய சேர்வரிலிருந்து வெளியே போகும் 25ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் அடையுங்கள். ஒத்திகையில் விழித்த ஒரு தானியங்கிப் பணி எல்லா உறுப்பினருக்கும் திரட்டு அனுப்பிவிட்டால், திருப்பி எடுக்க வழியில்லை.

எண்களை ஒப்பிடுங்கள்: மொத்த உறுப்பினர், திரட்டுக்காரர், நிறுத்தியவர், மட்டுறுத்தலில் இருப்பவர். நான்கும் பழையதோடு சரியாகப் பொருந்த வேண்டும். காப்பகத்தின் மடல் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம், ஒரே அடையாள எண் கொண்ட இரட்டை மடல்களை ஹைப்பர்கிட்டி ஒதுக்கிவிடும். பிறகு ஒரு சிறு சோதனைக் குழுவைத் திறந்து, அதில் ஜீமெயில், யாஹூ, அவுட்லுக், உள்ளூர் இணையச் சேவை முகவரிகள் சிலவற்றைச் சேர்த்து, போர்ட்டைத் திறந்து ஒவ்வொன்றிலிருந்தும் எழுதுங்கள். தமிழ்த் தலைப்போடும் எழுதுங்கள். ஜீமெயிலில் மடலின் மூலத்தைக் காட்டச் சொன்னால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றின் முடிவும் மேலேயே தெரியும். சோதனை முடிந்ததும் போர்ட்டை மறுபடி அடைத்துவிடுங்கள்.

உறுப்பினருக்கு அறிவிப்பது

ஒரு வாரம் முன்பு ஒன்று, முதல் நாள் ஒன்று. சிறிதாக எழுதுங்கள். இப்படி:

“அன்புடையீர், வணக்கம். நமது மடற்குழுக்கள் வரும் சனிக்கிழமை கொழும்பு நேரம் காலை 6 மணிக்குப் புதிய சேர்வருக்கு மாறுகின்றன. அன்று மாலை வரை மடல்கள் தாமதமாகலாம். எதுவும் தொலையாது, தயவுசெய்து ஒரே மடலை இரண்டாம் முறை அனுப்ப வேண்டாம். குழுக்களின் முகவரி மாறவில்லை. உங்கள் தற்போதைய விருப்பங்கள் அப்படியே தொடரும், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. விருப்பங்களை மாற்ற நினைப்பவர்கள் மட்டும் பின்னர் புதிய கணக்குத் திறக்க வேண்டும். கடவுச்சொல்லைக் கேட்டு நாங்கள் ஒருபோதும் மடல் அனுப்ப மாட்டோம்.”

சிங்கள உறுப்பினர்கள் இருந்தால் சிங்களத்திலும், தேவைப்பட்டால் ஆங்கிலத்திலும் அதையே அனுப்புங்கள். சங்க வட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள், அன்றைக்கு மடல் வேலை செய்யாவிட்டால் அந்த வழிதான் இருக்கும்.

மாற்றும் நாள்

நள்ளிரவில் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கொழும்பில் இரவு 10 மணி என்றால் கோடையில் டொரொண்டோவில் நண்பகல் 12.30, லண்டனில் மாலை 5.30. எல்லா உறுப்பினரும் தூங்கும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே வேலை செய்கிறவரின் தலை தெளிவாக இருக்கும் நேரமே நல்ல நேரம்: விடுமுறை நாளின் அதிகாலை. போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ வந்து நீண்ட விடுமுறையாகும் வாரம் அலுவலகக் குழுக்களுக்கு மிகவும் தோதானது. அன்று ஹோஸ்டிங் நிறுவனத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுளை 300 வினாடியாகக் குறைத்துவிடுங்கள். அது 86,400 வினாடியாக இருந்திருந்தால், பழைய விடை ஒரு முழு நாள் உலகத்தின் நினைவில் இருக்கும்.

அன்று காலை, நிறுத்தி வைத்த மடல்களைத் தீர்த்து, சேர்ந்திருக்கும் திரட்டை அனுப்பி, பழைய சேர்வரில் அனுப்பக் காத்திருக்கும் மடல்களின் வரிசை காலியாகும்வரை பொறுங்கள். அப்புறம் குழு முகவரிகளுக்கு வரும் மடல்களுக்கு ‘பிறகு வா’ என்ற தற்காலிக மறுப்பைப் பழைய சேர்வர் சொல்லும்படி அமையுங்கள். நிரந்தர மறுப்புச் சொல்லிவிடக் கூடாது. தற்காலிக மறுப்புக் கிடைத்தால் அனுப்பும் சேர்வர் மடலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். குறைந்தது நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மின்னஞ்சல் நெறிமுறை. அதனால் சில மணிநேர மூடல் ஒரு மடலையும் தொலைக்காது. சீபனலில் இந்த வசதி உங்கள் கையில் இல்லை. அங்கே எல்லா மடலையும் நிறுத்தி வைக்கும் அவசர மட்டுறுத்தலைப் போடுங்கள். அந்த இடைவெளியில் சிக்கிய மடல்களை எழுதியவர்களிடமே மறுபடி அனுப்பச் சொல்லலாம்.

இப்போது கடைசிக் கான்ஃபிக் கோப்பையும் எம்பொக்ஸையும் எடுங்கள். ஒத்திகையில் உருவாக்கிய குழுக்களை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள். பழையதன் மேலேயே இறக்கினால், இடையில் விலகியவர்கள் உறுப்பினராகவே இருந்துவிடுவார்கள். காப்பகத்துக்கு அந்தக் கவலை இல்லை, புதிய மடல்கள் மட்டும் சேரும். எண்களை மறுபடி ஒப்பிட்டு, எம்எக்ஸைத் திருப்பி, ஃபயர்வாலைத் திறந்து, பொறுப்பாளர் குழுவில் முதல் மடலை அனுப்புங்கள். அது சேர்ந்தால் மற்றக் குழுக்களை ஒவ்வொன்றாகத் திறவுங்கள், பெரியது கடைசியில். பழைய சேர்வருக்கு வழிதவறி வரும் மடல்களை அது புதியதற்குக் கடத்தும்படி வையுங்கள்.

முதல் இரண்டு வாரம்

புதிய ஐபியிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் மடல் பாய்ந்தால் பெரிய சேவைகள் சந்தேகப்படும். ஒரே சேவைக்கு ஒரே நேரத்தில் போகும் இணைப்புகளைப் போஸ்ட்ஃபிக்ஸில் குறைத்து, மடல்களுக்கிடையே சிறு இடைவெளி வைத்து, நாளடைவில் தளர்த்துங்கள். தினமும் காலையில் சேர்வரின் மடல் பதிவேட்டைப் பாருங்கள். நாலில் தொடங்கும் மறுப்பு எண்கள் தற்காலிகம், பொறுக்கலாம். ஐந்தில் தொடங்குபவை நிரந்தரம், அன்றே காரணம் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வாரத்துக்கு, திரும்பி வந்த மடல்களை வைத்து உறுப்பினரை நிறுத்தும் தானியங்கி வசதியை அணைத்தே வையுங்கள். உங்கள் சேர்வரின் கோளாறுக்கு உறுப்பினர் தண்டனை பெறக் கூடாது. ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்த மடலை ‘ஸ்பாம் இல்லை’ என்று குறிக்கும்படி உறுப்பினர்களிடம் கேளுங்கள், அது உண்மையாகவே உதவும்.

பழைய சேர்வரில் மெயில்மேனின் தானியங்கிப் பணிகளை மாற்றும் அன்றே நிறுத்துங்கள். மாதத்தின் முதலாம் திகதி உறுப்பினர் எல்லாருக்கும் அவரவர் கடவுச்சொல்லை அனுப்பும் பழக்கம் மெயில்மேன் 2.1க்கு உண்டு. அது ஓடினால் மூடிய சேர்வரின் கடவுச்சொற்கள் எல்லார் பெட்டிக்கும் போய், தொலைபேசி ஓயாது.

ஒரு மாதம் எந்த முறைப்பாடும் இல்லாமல் போனால் பழைய ஐபியை எஸ்பிஎஃபிலிருந்து எடுங்கள், பழைய டிகேஐஎம் சாவியை நீக்குங்கள், டிஎன்எஸ் ஆயுளைப் பழைய அளவுக்கு உயர்த்துங்கள். பழைய சேர்வரின் முழுப் பிரதி ஒன்றை மறைகுறியாக்கி எடுத்து, திறவுகோலைச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் கொடுத்து, பிறகு அங்கிருக்கும் உறுப்பினர் தரவை அழித்து, வாடகையை நிறுத்துங்கள். புதிய சேர்வரின் தினசரிப் பிரதியை வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்து, அதிலிருந்து ஒரு குழுவையாவது மீட்டுப் பாருங்கள். டொமைன் கணக்கு, சேர்வர் கணக்கு, மீட்கும் முறை மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்கக் கோப்பில் வைத்து, அடுத்த செயற்குழு பொறுப்பேற்கும் நாளில் அந்தத் தாளையும் கையளிக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.